மடை இல்லாத ஆறு

எங்கள் பக்கத்தில் ஆற்றைப் பற்றிப் பேச்சு வந்தால் "தண்ணி வருதா?" என்று யாரும் கேட்பதில்லை. "தண்ணி தொறந்துட்டாகளா?" என்பதுதான் கேள்வி. கம்பம் பள்ளத்தாக்கில் ஆறு என்பது யாரோ ஒருவர் எங்கோ ஒரு ஷட்டரைத் தூக்கிவிட்டு வருவது. மேற்கே போய் அரபிக்கடலில் விழ வேண்டிய பெரியாற்றை 1895-ல் பென்னிகுவிக் கட்டி முடித்த அணை மறித்தது. அந்தத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள் புகுந்து கிழக்கே திரும்புகிறது. லோயர் கேம்ப்பில் விழுந்து மின்சாரம் கொடுத்துவிட்டு கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வயல்களை நனைக்கிறது. மிச்சம் எங்கள் வைகை அணைக்கு வருகிறது. பெரியாறு அணையில் போதுமான தண்ணீர் இருக்கும் வருஷங்களில் ஜூன் 1 அன்று முதல் போகத்துக்குத் திறப்பார்கள். 14,707 ஏக்கர் அந்தத் தேதியை எதிர்பார்த்துக் கிடக்கும். வைகை அணை 1959-ல் திறக்கப்பட்டது. முழு நீர்மட்டம் 71 அடி. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. ஆண்டிபட்டியில் பள்ளிக்கூடப் பையன்களுக்குக்கூட இந்த எண்கள் மனப்பாடம்.

மூல வைகை மட்டும்தான் இதற்கு விலக்கு. வெள்ளிமலையில் பிறந்து, வருசநாடு, மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு, கண்டமனூர் என்று வருகிற ஆறு. வருஷத்தில் பெரும்பகுதி மணல்தான். மேற்கே மலையில் மழை கொட்டினால் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு ஒரே ராத்திரியில் வந்து நிற்கும், இரண்டொரு நாளில் வடிந்துவிடும். அந்தத் தண்ணீரில் கால் வைக்காதே என்றுதான் வீட்டில் சொல்லி வளர்த்தார்கள். ஆகவே, மடையும் ஷட்டரும் இல்லாத, வருஷம் முழுக்க ஓடுகிற, பாறைக்குப் பாறை நுரைத்துக்கொண்டு இறங்குகிற ஓர் ஆற்றில் ரப்பர் படகில் போக வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தபோது, அதை வீட்டில் சொல்வதற்கே நாள் பார்க்க வேண்டியிருந்தது.

ஆசையை மூட்டியவன் என் மச்சினன். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்து ஊரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். லடாக்கில் பணியில் இருந்த காலத்தில் நிம்மு என்ற இடத்தில் வண்டியை நிறுத்தி டீ குடிப்பார்களாம். கீழே சிந்து நதியும் ஜான்ஸ்கர் ஆறும் கலக்கிற இடம். "மச்சான், ரெண்டு கலர் தண்ணி. கொஞ்ச தூரம் ஒட்டிக்கிட்டே ஓடுது, கலக்கவே மாட்டேங்குது. அந்த ஜான்ஸ்கர் எங்கயிருந்து வருதுன்னு பாத்தா ரெண்டு பக்கமும் மலைச்சுவரு, நடுவுல இருட்டு. அதுக்குள்ளயிருந்து ஒரு நா நாலஞ்சு பேரு போட்ல வெளிய வந்தாங்க. பாத்துக்கிட்டே நின்னுட்டேன்." கடையில் ஆணி எடை போட்டுக்கொண்டே இதை எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறான். ஒரு தரம்கூட எனக்கு அலுத்ததில்லை.

அப்புறம் நானே தேடிப் படித்தேன். பென்சி லா கணவாய்ப் பக்கம் பனியாற்றில் பிறக்கும் ஸ்டோட், தெற்கேயிருந்து வரும் லுங்னாக் என்ற இரண்டு ஆறுகள் பதும் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் சேர்ந்து ஜான்ஸ்கர் ஆகின்றன. அங்கிருந்து வடக்கே திரும்பி, பல நூறு மீட்டர் உயரப் பாறைச் சுவர்களுக்கு நடுவே அறுத்துக்கொண்டு போய் நிம்முவில் சிந்துவோடு கலக்கிறது. கோடையில் சிந்து கொண்டுவருவதைவிட ஜான்ஸ்கர் கொண்டுவரும் தண்ணீர்தான் அதிகம். குளிர்காலத்தில் ஆறே உறைந்துபோய், அதன்மேல் மனிதர்கள் நடந்து ஊர் சேர்கிறார்கள். பதுமிலிருந்து நிம்மு வரை படகில் வர, இரவில் கரையில் கூடாரம் போட்டுத் தங்கித் தங்கி, பல நாள் ஆகும். ஆற்றின் வேகத்தை உலகம் முழுக்க ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரித்திருக்கிறார்கள். ஆறாவது என்றால் யாரும் இறங்கக் கூடாதது. ஜான்ஸ்கர் பள்ளத்தாக்கில் மூன்றும் நான்கும் வரும்.

நான் பள்ளி ஆசிரியர். எனக்கு விடுமுறை மே மாதம். மே மாதத்தில் போய் வருவதாகத்தான் முதல் திட்டத்தை நோட்டில் எழுதினேன்.

அந்த நோட்டு வீட்டில் அம்மா கண்ணில் பட்டதும் வந்த பேச்சை எழுதுவதற்கு முன்னால் 2018-ஐப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வருஷம் மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. போடிக்கு மேலே குரங்கணி மலையில், நடைபயணம் முடித்து இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ வளைத்தது. தேனி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருப்பது க.விலக்கில், எங்கள் ஊருக்கும் தேனிக்கும் நடுவில். மதுரைக்குக் கொண்டுபோக வேண்டியவர்களை ஆண்டிபட்டி வழியாகத்தான் கொண்டுபோனார்கள். அந்த ராத்திரியும் மறுநாளும் ஆம்புலன்ஸ் சத்தம் ஓயவில்லை. தெருவில் பெண்கள் வாசலில் நின்று, யார் பெற்ற பிள்ளைகளோ என்று அழுதார்கள். 23 பேர் இறந்தார்கள். வார விடுமுறையை மலையில் கழிக்க, சந்தோஷமாகத் திட்டம் போட்டு வந்த பிள்ளைகள். எங்கள் ஊரில் 'அட்வெஞ்சர்' என்ற சொல்லுக்கு அதற்குப் பிறகு வேறு அர்த்தம் கிடையாது.

"அந்தப் புள்ளைகளும் இப்பிடித்தான் நோட்டுல எழுதிட்டு வந்துருக்குங்க" என்றார் அம்மா. அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தச் சம்பவத்தை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். மார்ச் மாதம் எங்கள் மலைகளில் போதைப்புல் ஆளுயரத்துக்குக் காய்ந்து நிற்கும் காலம். மலையில் மாடு மேய்ப்பவர்களுக்கும் தேன் எடுப்பவர்களுக்கும் அது தீப்பிடிக்கிற மாதம் என்று தெரியும். மேடும் சரிவுமான இடத்தில் காற்று திரும்பினால் தீ எந்தப் பக்கம் ஓடும் என்பது அங்கேயே புழங்குகிறவர்களுக்கே பிடிபடாது. வெளியூர்க்காரனுக்கு மலை என்றால் பச்சை. அது எந்த மாதத்தில் எப்படி இருக்கும் என்று அவனுக்கு யாராவது சொல்ல வேண்டும். அந்தத் தீக்குப் பிறகு அரசு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வகுத்தது. வழிகாட்டி, அனுமதி, பாதை என்று ஒழுங்கு வந்தது. அந்த ஒழுங்கின் விலை என்ன என்று எங்கள் சாலையில் வசிப்பவர்களுக்குத் தெரியும். ஒரு பயணத்தைப் போகிறவனின் விடுமுறையை வைத்துத் திட்டமிடக் கூடாது, போகிற இடத்தின் காலத்தை வைத்துத்தான் திட்டமிட வேண்டும் என்று நான் இன்றும் பிடிவாதமாகச் சொல்வது அந்த ராத்திரியிலிருந்துதான்.

அம்மாவின் மௌனத்தைக் கலைக்க ஒரே வழிதான் இருந்தது. அவருடைய தம்பி. என் தாய்மாமா பொதுப்பணித் துறையில் லஸ்கராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கால்வாயிலும் அணையிலும் ஷட்டர் ஏற்றி இறக்கி, ஸ்கேல் பார்த்து, நீர்மட்டம் எழுதி, வாழ்நாளைக் கழித்தவர். காலை 6 மணி அளவை எடுக்கப் போகாத நாள் அவர் சர்வீஸில் கிடையாது. மாமா "சரி" என்றால் அம்மா மறுக்க மாட்டார்.

நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். அவர் அதைத் திறக்கவே இல்லை. திண்ணையில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த ஆத்துக்குத் தண்ணி எங்கயிருந்து வருது? மழையா, ஊத்தா, அணையா?"

"பனி மாமா. பனி உருகி வருது."

கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப வெயிலடிச்சாத்தான் தண்ணி. காலையில கம்மியா இருக்கும், உச்சி சாஞ்சு ஏறும். மேல உருகுனது கீழ வந்து சேர நேரமாகும்ல? நீங்க இருக்கிற இடத்துக்கு ராத்திரிதான் பெருந்தண்ணி வரும் மருமகனே. கரையில ஓரத்துல படுத்துராதீக."

நான் லடாக்கைப் பற்றிப் படித்த எந்தப் பக்கத்தையும் அவர் படித்ததில்லை. மதுரையைத் தாண்டி வடக்கே சென்னை வரைக்கும்தான் போயிருக்கிறார். ஆனால், பனியாற்றுத் தண்ணீர் ஒரே நாளுக்குள் ஏறி இறங்கும் என்பதை, வழிகாட்டிகள் அனுபவத்தில் கண்டுகொண்டதை, தேக்கடியில் திறந்த தண்ணீர் வைகைக்கு வந்து சேரும் நேரத்தைக் கணக்குப் பார்த்தே பழகிய மனிதர் திண்ணையில் உட்கார்ந்தபடி சொல்லிவிட்டார். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மே மாதம் என்றதும் சிரித்தார். "மேல பனி அப்பத்தான இளக ஆரம்பிக்கும்? ஒன் லீவப் போயி ஆத்துக்கிட்ட சொல்லாத. அது என்னிக்கு வரச்சொல்லுதோ அன்னிக்குப் போ." ஜான்ஸ்கரில் படகு விடுகிற காலம் ஜூலை, ஆகஸ்ட், மிஞ்சினால் செப்டம்பர் முதல் வாரம். ஜூலையில் வேகம் அதிகம். ஆகஸ்ட் கடைசியில் வெயிலின் உக்கிரம் தணிந்து தண்ணீர் இறங்க ஆரம்பிக்கும். புதுப் பழக்கக்காரர்களுக்கு அதுதான் தோது. ஈட்டிய விடுப்புக்கு எழுதிக் கொடுப்பது என்று அங்கேயே முடிவானது.

அதற்குப் பிறகு மாமாதான் இந்தத் திட்டத்தின் தலைமைப் பொறியாளர். ஞாயிறுதோறும் மச்சினனும் நானும் அவர் திண்ணைக்குப் போவோம். அந்த ஆற்றில் முன்னால் நடந்தது என்ன என்று கேட்பார். நான் படித்துவந்து சொல்ல வேண்டும். 2014 டிசம்பர் 31 அன்று, ஜான்ஸ்கருக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஃபுக்தல் ஆற்றில் மலை சரிந்து விழுந்து ஆற்றையே அடைத்தது. அதன் பின்னால் தண்ணீர் தேங்கி நீண்ட ஏரியாகி, 2015 மே 7 அன்று உடைத்துக்கொண்டு வந்தது. பாலங்களை அடித்துக்கொண்டு போனது. முன்கூட்டியே எச்சரித்திருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. இதைச் சொன்னபோது மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "மலையே மடை போட்டுருக்கு!" என்றார். சங்கமத்துக்குக் கீழே சிந்து நதியில் 45 மெகாவாட் நீர்மின் நிலையம் ஒன்று இருக்கிறது என்றதும், "அங்க இருக்க லஸ்கருக்குத் தூக்கம் போயிருக்கும்" என்றார். முகம் தெரியாத அந்த ஆளுக்காக உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

2010 ஆகஸ்ட் 5 ராத்திரி லேயில் நடந்ததையும் சொன்னேன். மழை மறைவுப் பிரதேசம். வருஷத்துக்கே சுமார் 100 மில்லிமீட்டர் மழை பெய்யும் வறண்ட நிலம். அங்கே மேகம் வெடித்து, காய்ந்து கிடந்த ஓடைகளில் சேறும் பாறையும் இறங்கி 200-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. மாமா நோட்டை வாங்கி அவரே பேனாவால் எழுதினார். ஓடை வந்து ஆற்றில் சேருகிற வாயில் கூடாரம் போடக் கூடாது. பழைய தண்ணீர்த் தடம் பாறையில் எங்கே இருக்கிறதோ அதற்கு மேலேதான் படுக்க வேண்டும். சாயங்காலம் தண்ணீர் ஓரத்தில் ஒரு கல்லை அடையாளம் வைத்துவிட்டுத் தூங்கப் போக வேண்டும். கடைசியாக, பெரிய எழுத்தில்: திரும்பும் வழி எது? இறங்கும் ஒவ்வொரு இடத்துக்கும் எதிரே அதை எழுதாமல் திட்டம் முடிந்ததாகச் சொல்லக் கூடாது.

நீச்சல் எங்களுக்குத் தெரியும் என்றுதான் இருந்தோம். ஆண்டிபட்டிப் பக்கம் எல்லோரும் தோட்டத்துக் கிணற்றில் கற்றவர்கள். அப்பா காலத்தில் சுரைக்குடுக்கை, எங்கள் காலத்தில் முதுகில் காலி எண்ணெய்க் கேன். படியிலிருந்து தள்ளிவிட்டால் தானாக வந்துவிடும். ஆனால், கிணற்றுத் தண்ணீர் நிற்கிற தண்ணீர். ஓடுகிற தண்ணீரில் உடம்பு எப்படி இருக்க வேண்டும் என்று அது சொல்லித் தராது. முதலில் ஒரு சின்ன ஆற்றில் பழகிவிட்டு வாருங்கள் என்று மாமா சொல்ல, கர்நாடகத்தில் தாண்டேலிக்குப் பக்கத்தில் கணேஷ்குடிக்குப் போனோம். ஹூப்ளி வரை ரயில், அங்கிருந்து பஸ்.

அங்கே ஓடுவது காளி ஆறு. மேலே சூபா அணை, 101 மீட்டர் உயரம். மின்சாரம் எடுக்கத் தண்ணீர் விட்டால்தான் படகு மிதக்கும். காலையில் போய் நின்றால் பாறையாகக் கிடக்கிறது. "தண்ணி தொறந்துருவாங்க, இருங்க" என்று வழிகாட்டிப் பையன் அவன் மொழியில் சொன்னபோது மச்சினனும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது.

அந்தப் பையன் கற்றுக்கொடுத்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், யாருக்காவது உதவும். படகிலிருந்து விழுந்துவிட்டால் நீந்த முயலக் கூடாது. மல்லாந்து படுக்க வேண்டும். கால் இரண்டையும் தண்ணீருக்கு மேலே தூக்கி, பாதம் ஆறு ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். வருகிற பாறையைக் காலால் உதைத்து விலகலாம். தலை பின்னால் இருக்கும். எந்த நிலையிலும் எழுந்து நிற்க முயலக் கூடாது. இடுப்பளவுத் தண்ணீர்தானே என்று காலை ஊன்றினால் பாறை இடுக்கில் பாதம் சிக்கும், பின்னாலிருந்து ஆறு தள்ளும், முகம் தண்ணீருக்குள் போய்விடும். நீச்சல் தெரிந்தவர்கள் மாட்டுவது இப்படித்தான் என்றான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. கரையிலிருந்து கயிற்றுப் பையை எறிவார்கள்; கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது, மார்போடு பிடித்துத் தோளுக்கு மேலாக விட்டு, மல்லாந்தபடி இழுத்து வரப்பட வேண்டும். ஆழமான ஓர் இடத்தில் எங்களைக் குதிக்க வைத்து இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்தான். கிணற்றில் தலைகீழாகக் குதித்து வளர்ந்த மச்சினனுக்கு, சும்மா படுத்துக்கிடப்பதுதான் எல்லாவற்றையும்விடச் சிரமமாக இருந்தது.

ஊருக்கு வந்ததும் படகு விடுகிறவர்களைத் தேடினோம். முதலில் பேசியவர்கள் எதைக் கேட்டாலும் "எல்லாம் பாத்துக்கலாம் சார், முன்பணம் போடுங்க" என்றார்கள். வேண்டாம் என்று விட்டுவிட்டோம். அடுத்துப் பேசிய இடத்தில் நாங்கள் கேட்பதற்கு முன் அவர்கள் கேட்டார்கள்: வயது என்ன, எடை என்ன, ரத்த அழுத்தம் உண்டா, இதற்குமுன் எந்த ஆற்றில் இறங்கினீர்கள், தண்ணீரில் விழுந்து பழகியிருக்கிறீர்களா. எங்கள் பதிலைக் கேட்டுவிட்டு, பதுமிலிருந்து முழுப் பள்ளத்தாக்கும் இந்த முறை வேண்டாம், சில்லிங் என்ற ஊரிலிருந்து நிம்மு வரை கடைசிப் பகுதியை மட்டும் செய்யுங்கள் என்றார்கள். வருகிற பணத்தைத் தானே குறைத்துச் சொல்கிற ஆளைத்தான் ஆற்றில் நம்ப வேண்டும் என்று மாமா ஒரே பேச்சில் முடித்தார். உயிர்காப்பு கயாக் ஒன்று படகோடு கூடவே வருமா, வழிகாட்டிக்கு முதலுதவிப் பயிற்சி இருக்கிறதா, விபத்து என்றால் எந்த வழியாக எந்த ஆஸ்பத்திரிக்கு என்று நாங்கள் கேட்டவற்றுக்கும் நேராகப் பதில் வந்தது. சில்லிங்கிலிருந்து நிம்மு வரை ஆற்றை ஒட்டிச் சாலை இருக்கிறது. மாமாவின் கேள்விக்கு எதிரே அதை எழுதினோம்.

உயரத்தைப் பற்றி எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. லே இருப்பது 3,500 மீட்டரில். எங்கள் மேகமலை அதில் பாதிகூட இல்லை. காற்றில் பிராணவாயு குறைவு. போன உடனே ஓடி ஆடினால் தலைவலி, வாந்தி, அதற்குமேல் போனால் நுரையீரலில் நீர் கோத்து உயிருக்கே ஆபத்து. குறைந்தது இரண்டு நாள் அசையாமல் ஓய்வு எடுக்க வேண்டும். படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் உடனே கீழே இறங்கிவிட வேண்டும். தெரிந்த மருத்துவர் ஒருவரிடம் காட்டி, மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்று கேட்டுக்கொண்டோம். என் மனைவிக்கு வேறு கவலை. அப்போது வெளி மாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. போகுமுன்னே இருவர் போனையும் போஸ்ட்பெய்டுக்கு மாற்ற வைத்தாள். தினம் எத்தனை மணிக்குப் பேச வேண்டும், பேசாவிட்டால் யாருக்குப் போன் போட வேண்டும் என்று நம்பரோடு சமையலறைக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டினாள். முழுத் திட்டத்திலும் எல்லோரும் தினமும் பார்த்த பக்கம் அதுதான்.

2023-ல் போவதாக முடிவு. ஆண்டிபட்டியில் ரயில் ஏறி மதுரை. முந்தின வருஷம் மே 26 அன்று தேனி வரைக்கும் அகல ரயில் வந்திருந்தது. 2010-ல் மீட்டர் கேஜ் நின்ற பிறகு இத்தனை வருஷம் கழித்து எங்கள் ஸ்டேஷனில் ஏறிப் போவதே ஒரு சந்தோஷம். மதுரையிலிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து மணாலி, அங்கிருந்து சாலை வழியாக லே. படிப்படியாக உயரம் ஏறினால் உடம்பு பழகும் என்பது கணக்கு.

ஜூலை 9, 10 தேதிகளில் இமாச்சலத்தில் மழை பொழிந்து தள்ளியது. மணாலியில் பியாஸ் ஆறு பஸ்ஸையும் காரையும் இழுத்துக்கொண்டு போவதை டி.வி.யில் ஊரே பார்த்தது. நெடுஞ்சாலை ஆற்றுக்குள் இடிந்து விழுந்தது. மாமா அன்று விடிகாலையிலேயே போன் செய்தார். "பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். பார்த்தேன் என்றேன். "அந்த வழிய அடிச்சுரு." நோட்டில் அடித்தோம். டிக்கெட் ரத்தில் கொஞ்சம் பணம் போயிற்று. டெல்லியிலிருந்து லேக்கு விமானம் என்று மாற்றினோம். நேராக உயரத்தில் போய் இறங்குவதால் ஓய்வு நாட்களைக் கூட்டினோம். அம்மா அதற்குள் ஜம்புலிபுத்தூர் கதலி நரசிங்கப் பெருமாளுக்கு நேர்ந்துகொண்டிருந்தார். அது அவர் திட்டம்.

ஆகஸ்ட் கடைசியில் போனோம். லேயில் படுத்தும் உட்கார்ந்தும் நாளைக் கடத்தினோம். மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடித்துக்கொண்டது, மூன்றாம் நாள் சரியானது. சில்லிங்கிற்கு முந்தின சாயங்காலமே போய்விட்டோம். ஆற்றை ஒரு முழு ராத்திரி கரையிலிருந்து பார்க்காமல் இறங்கக் கூடாது என்பது மாமாவின் நிபந்தனை. சில்லிங் சிறிய ஊர்; தலைமுறை தலைமுறையாகச் செம்பு, வெள்ளிப் பாத்திரம் அடிக்கும் கைவினைஞர்கள் வாழும் இடம். ஆற்றங்கரையில் மச்சினன் ஒரு தட்டைக் கல்லைத் தண்ணீர் விளிம்பில் வைத்தான். இருட்டும்போது பார்த்தால் கல்லில் பாதி நனைந்திருந்தது. ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தோம், கல்லே தெரியவில்லை. விடிகாலையில் தண்ணீர் மறுபடி கீழே இறங்கி, கல் ஈரத்தோடு மேலே நின்றது. திண்ணையில் மாமா சொன்ன கணக்கு ஒரு மணி நேரம்கூடப் பிசகவில்லை. மச்சினன் அதைப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினான்.

படகில் இறங்கியதும் நான் எதிர்பாராத ஒன்று காதில் விழுந்தது. பனியாறு மலையை அரைத்துக் கொண்டுவரும் மணல் துகள்கள் படகின் ரப்பர் அடியில் இடைவிடாமல் உரசுகின்றன. தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் எழுகிற சத்தம், ஆனால் நிற்காமல், ஆறு முழுக்க. அலை இல்லாத இடத்தில்கூட அது கேட்டுக்கொண்டே வந்தது. பிறகு பாறைச் சுவர்கள் நெருங்கின; வழிகாட்டி "ஃபார்வர்ட்!" என்று கத்தினான், முதல் அலை முகத்தில் அறைந்தபோது மூச்சு நின்றது. பனி உருகிய தண்ணீர் கழுத்துக்குள் இறங்கினால் உடம்பு முழுக்க ஒரே வலி. துடுப்பை ஊன்று, ஊன்று, நிறுத்து, பின்னால் ஊன்று. ஓரிடத்தில் படகு பக்கவாட்டில் சாய, எல்லோரும் உயர்ந்த பக்கம் தாவினோம். கணேஷ்குடிப் பையன் கற்றுக்கொடுத்த எதையும் யோசித்துச் செய்யவில்லை, உடம்பே செய்தது. யாரும் விழவில்லை. நிம்முவில் சிந்துவின் தண்ணீர் வந்து சேர்ந்தது, மச்சினன் சொன்ன அதே இரண்டு நிறம். அவன் மேலே சாலையைக் காட்டி, வண்டி நிறுத்தி டீ குடித்த இடம் என்றான். கண் கலங்கியிருந்தது.

முழுப் பள்ளத்தாக்கு இன்னும் பாக்கி இருக்கிறது. நிம்முவிலிருந்து பதும் வழியாக தார்ச்சா வரை 298 கிலோமீட்டர் சாலை 2024 மார்ச்சில் இணைந்துவிட்டது. முன்பெல்லாம் பதுமில் படகு ஏறிவிட்டால் வெளியே வர வழி கிடையாது. இப்போது பள்ளத்தாக்குக்குள்ளேயே ஆற்றோடு சாலை வருகிறது. அந்தச் சாலைக்காக வெடித்து உடைத்த பாறைகள் ஆற்றுக்குள் சரிந்து கிடப்பதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. ஆயிரம் வருஷத் தனிமையைச் சில வருஷத்தில் உடைத்திருக்கிறார்கள். ஆனால், குளிர்காலத்தில் பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணை உறைந்த ஆற்றின்மேல் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருந்த ஊர்க்காரர்களிடம் போய், எங்கள் ஒரு வாரத்துச் சந்தோஷத்துக்காகச் சாலை வேண்டாம் என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. சாலை நல்லது. கற்களை ஆற்றில் தள்ளாமல் போட்டிருக்கலாம்.

எந்தப் பக்கமிருந்து பதும் போவது என்பதில்தான் இப்போது திண்ணையில் பேச்சு. மணாலியிலிருந்து ஷிங்கு லா கணவாய் ஏறி இறங்கினால் பயணம் சுருங்கும் என்கிறான் மச்சினன். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "நிம்முவுல இருந்து ஆத்த எதுத்து மேல போங்க. பூரா ஆத்தையும் பாத்துக்கிட்டே போலாம். எங்க சுழிக்குது, எங்க கரை இருக்கு, எங்க ஏறி வெளிய வரலாம்னு எழுதிக்கிட்டே போங்க. திரும்பி எறங்குறப்ப தெரிஞ்ச ஆறாயிரும்." அந்த வழியைத்தான் எழுதியிருக்கிறோம். இந்த முறை என் மனைவியும் வருகிறாள். கோடை முழுக்கத் தங்கச்சி தோட்டத்துக் கிணற்றில் லைஃப் ஜாக்கெட்டோடு மல்லாந்து கிடந்து பழகினாள். அடுத்து கணேஷ்குடிக்குப் போக வேண்டும். லேயில் ஓய்வுக்கு இன்னொரு நாளைச் சேர்த்ததும் அவள்தான். காலண்டர்ப் பக்கத்துத் தாளை எழுதும் பொறுப்பு இப்போது அம்மாவிடம் போயிருக்கிறது. பேச வேண்டிய நேரத்தைச் சாயங்காலம் ஆறு மணி என்று போட்டு, அதன் கீழே அவர் கையாலேயே மாமா நம்பரை எழுதியிருக்கிறார்.